லேபிள் இல்லாத பதினோரு பாட்டில்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம் பிடிக்கிறது. உங்கள் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நவம்பரில் உங்கள் அண்ணன் காரியத்துக்கு உங்களால் வர முடியவில்லை. புது ஒயின் வந்து குவிகிற நேரம், நகர முடியாது என்று உங்கள் கம்பெனியிலிருந்து யாரோ போனில் சொன்னார்கள். சரி என்று கேட்டுக்கொண்டேன்.

இப்போது எழுதக் காரணம் நான் செய்த ஒரு முட்டாள்தனம். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் அவர் பதினோரு ஒயின் பாட்டில்களைப் படுக்க வைத்திருந்தார். மூன்று மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை துணிந்து திறந்தால் ஒரே பூஞ்சை. பதினொன்றையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, நாரால் தேய்த்து, பளிச்சென்று கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், தொட்டி முழுக்க லேபிள்கள் கூழாக மிதக்கின்றன. மருந்துக்கடையில் இருபத்தாறு வருஷம் லேபிளை இரண்டு தரம் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் நான். வெளியில் சொன்னால் வேலையை விட்டே எடுத்துவிடுவார்கள்.

அதில் ஒன்று எது என்று உங்களுக்கே தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீங்கள் இங்கே ருசி பார்க்க வந்து, அவர் பொறுப்பில் இருந்த உங்கள் கம்பெனிக் கிடங்கின் அந்த வருஷத்துச் சரக்கு முழுவதையும் தேறாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். நீங்கள் பொறுக்கவில்லை. எல்லாம் வினிகர் ஆலைக்குப் போனது. அவர் ஒரே ஒரு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து, "தம்பி வரட்டும், ரெண்டு பேரும் உக்காந்து திறக்கிறோம், யார் சொன்னது சரின்னு அப்ப தெரியும்" என்றார். அதன் பிறகு நீங்கள் வரவே இல்லை.

அந்தப் பாட்டிலை உங்களுக்காக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். எது என்று தெரிந்தால்தானே வைப்பது? நீங்கள் ஒரு நடை வந்து பார்த்துச் சொல்ல முடியுமா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணி

---

மார்ச் 2

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். முழங்காலுக்கு மருந்து உங்கள் கடையிலேயே இருக்கும், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நேரில் வந்தாலும் பயன் இல்லை. கண்ணாடிக்கு வெளியிலிருந்து எந்த ஒயின் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜூனுக்கு முன்னால் எனக்கு விடுமுறையும் இல்லை. அந்தப் பதினொன்றில் சிலது இந்த வருஷமே குடித்துவிட வேண்டியவையாக இருக்கும், வைத்திருந்தால் கெட்டுப்போகும். ஆகவே மாதம் ஒன்றாகத் திறவுங்கள். ருசியை எனக்கு எழுதுங்கள். எது என்று நான் இங்கிருந்தே சொல்கிறேன். பதினொன்றில் ஒன்று, அதுவே முதலில் கையில் மாட்டும் என்பது என்ன நிச்சயம்?

முறை இதுதான். கவிழ்த்து வைத்தவற்றை மறுபடி படுக்க வையுங்கள். திறந்த உடனே குடிக்காதீர்கள். கொஞ்சம் ஊற்றி, முதலில் மோந்து பாருங்கள். ஒரு வாய் எடுத்து வாய்க்குள்ளேயே சுற்ற விட்டுப் பிறகு விழுங்குங்கள். மீதியைக் கார்க்கால் மூடி வைத்து மறுநாள் ஒரு தரம், அதற்கு மறுநாள் ஒரு தரம். மூன்று நாளும் என்ன தோன்றியது என்று தனித்தனியாக எழுத வேண்டும். அவசரப்பட்டால் ஒயின் எதுவும் சொல்லாது.

உங்களுக்குப் பழக்கமில்லாத வேலையைத் தருகிறேன், மன்னிக்கவும்.

இப்படிக்கு,
தம்பி

---

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

இருமல், சளி ஒன்றுமில்லையே? இங்கே ஊரே தும்முகிறது, எங்கள் கடைக்கு நல்ல வியாபாரம். நான் தப்பித்தேன்.

முதல் பாட்டிலைத் திறந்தாயிற்று. உங்கள் அண்ணன் திருகியை இரண்டு சுற்றுச் சுற்றி இழுப்பார், கார்க் சொன்ன பேச்சு கேட்கும். நான் கால் இரண்டுக்கும் நடுவில் பாட்டிலை இடுக்கிக்கொண்டு மல்லுக்கட்டியதைப் பார்த்திருந்தால் நீங்கள் அந்தப் பக்கமே திரும்பியிருக்க மாட்டீர்கள். வீட்டில் அளவுக்குக் கிண்ணம் வேண்டுமே என்று மருந்து அளக்கும் மூடியை எடுத்துக்கொண்டேன். வேளைக்குப் பதினைந்து மில்லி, உணவுக்குப் பின்.

முதல் நாள்: குழந்தைகளுக்குக் கொடுக்கும் சிவப்பு டானிக் வாசனை. நாக்கில் இனிப்பு மாதிரி வந்து, இனிப்பு இல்லை என்று ஏமாற்றிவிட்டுப் போனது. இரண்டாம் நாள்: அதே டானிக், மூடியைச் சரியாக மூடாமல் விட்ட டானிக். மூன்றாம் நாள்: ஒன்றுமே இல்லை. பாட்டில் கழுவிய தண்ணீர்.

கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் நூறு தரமாவது "ஒரு வாய் குடிச்சுப் பாரேன்" என்றிருப்பார். எனக்கு அந்த வாடையே ஆகாது என்று மூக்கைச் சுளிப்பேன். இப்போது சமையலறையில் நின்றுகொண்டு, தனி ஆளாக, மருந்து மூடியில் குடிக்கிறேன். அவர் இருந்தபோது ஒரு வாய் குடித்திருக்கலாம்.

அந்தப் பாட்டில் இது இல்லையே? ஜூனில் வருகிறீர்கள்தானே?

அன்புடன்,
அண்ணி

---

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

இது அது இல்லை. பறித்த வருஷமே குடித்திருக்க வேண்டிய இளம் ஒயின். மூடியைச் சரியாக மூடாத டானிக் என்று எழுதியிருந்தீர்கள். இதே ஒயினைப் பற்றி எங்கள் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசியும் இவ்வளவு சரியாக ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் வரியை இரண்டு தடவை படித்தேன்.

எங்கள் வேலை நீங்கள் நினைப்பது மாதிரி இல்லை. காலையில் ஒரு நீண்ட வெள்ளை மேசையில் நாற்பது கிளாஸ் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக மோந்து, வாயில் வைத்து, பக்கத்தில் இருக்கும் தொட்டியில் துப்பி, எண் போட வேண்டும். நான்கு பேர் இருப்போம், பேசக் கூடாது. ஒருவர் முகம் மாறினால் மற்றவர் மனம் மாறிவிடும் என்று தடுப்புப் பலகை வேறு. சாயங்காலம் செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே இருக்கும் என் அறைக்குப் போவேன். பசை வாடை படியேறி வரும். அதில் எந்த ஒயினும் ருசிக்காது, அதனால் வீட்டில் குடிப்பதில்லை. ரொட்டியும் தேநீரும்தான்.

ஜூனில் முடியாது போலிருக்கிறது. இருவர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அடுத்த பாட்டிலைத் திறந்து எழுதுங்கள். நிறத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி

---

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் சாப்பாட்டுக் கதையைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. ரொட்டியும் தேநீரும் ஒரு சாப்பாடா? ஒரு முட்டையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் இரண்டு பாட்டில் திறந்தேன். மாதம் ஒன்று என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. முதலாவது வெளிறிய மஞ்சள். மோந்தால் மழையில் நனைந்த சுவர், குடித்தால் எலுமிச்சைத் தோல். மூன்று நாளும் மாறாமல் அப்படியே நின்றது, கொஞ்சம் பிடிவாதக்காரி. இரண்டாவது ஆழ்ந்த சிவப்பு, ஆனால் ஈரக் காகித வாடை. வாயில் வைக்கவே முடியவில்லை, கொட்டிவிட்டேன்.

கடையில் கூட வேலை செய்கிறவள், "அக்கா, இப்பல்லாம் நாலு மணியானா வாசலையே பாக்கறீங்க, யாரு வரா?" என்று கேட்டாள். தபால்காரர் என்று சொன்னேன். நம்பவில்லை, சிரித்தாள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். அந்தச் சரக்கு போன பிறகு கிடங்குப் பொறுப்பிலிருந்து அவரை எடுத்து, பாட்டில் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். அது உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. ஒன்பது வருஷமும் விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப் போய்த்தான் வீட்டுக்கு வந்தார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. நான் சொல்லப் போனால் வாயை மூடு என்பார்.

பதில் போடுங்கள்.

அன்புடன்,
அண்ணி

---

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பாட்டில் கழுவும் பகுதி என்று எழுதியது உங்களைத் தைத்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், கை எழுதிவிட்டது.

நான்காவது பாட்டில். முதல் நாள் முகத்தில் அறைந்தது. கட்டித் தேநீரைப் பாத்திரத்தோடு மறந்துவிட்டு மறுநாள் குடித்த மாதிரி ஒரே துவர்ப்பு. பல் ஈறு வரை இழுத்துப் பிடித்தது. வாசனை என்று எதுவும் இல்லை. சரி, இதுவும் போச்சு என்று மூடி வைத்தேன்.

இரண்டாம் நாள் துவர்ப்பு இருந்தது, ஆனால் பின்னாலேயே வேறு எதுவோ வந்தது. எது என்று பிடிபடவில்லை. சொல்ல வந்து சொல்லாமல் போகிற ஆள் மாதிரி.

மூன்றாம் நாள் மூடியை வாய்க்குக் கொண்டு போகும் முன்பே அடுப்படி முழுக்க வாசனை. கறுத்த பழம், பழைய மரப்பெட்டி, மழை வரும் முன் மண்ணிலிருந்து எழுமே ஒரு சூடு, அது. துவர்ப்பெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. விழுங்கிய பிறகும் தொண்டையில் வெகுநேரம் நின்றது. தம்பி, நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். குடித்ததால் வந்த அழுகை இல்லை, பதினைந்து மில்லிக்கு யாரும் அழ மாட்டார்கள். இந்த மனுஷர் இருபத்தெட்டு வருஷம் என்னிடம் சொல்ல முயன்றது இதைத்தான் என்று புரிந்தது, அதற்குத்தான் அழுதேன்.

இதுதானா அது? நேராகச் சொல்லுங்கள்.

அண்ணி

---

ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். உங்கள் முழங்கால் தேவலையா?

நீங்கள் எழுதியது அந்தப் பாட்டில் இல்லை. அது நடுத்தரமான சரக்கு. காற்றுப் பட்டதும் கொஞ்சம் இளகியிருக்கும், அவ்வளவுதான். முதல் தடவை நல்ல ஒயின் குடிப்பவர்களுக்கு இப்படித் தோன்றுவது சகஜம். அந்தப் பாட்டில் மீதி ஏழில் ஒன்றாகத்தான் இருக்கும். கவலைப்படாமல் அடுத்ததைத் திறவுங்கள். பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முட்டை சாப்பிடுகிறேன்.

அன்புடன்,
தம்பி

---

செப்டம்பர் 3

தம்பிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

கார்க்கில் வருஷம் அச்சடித்திருக்கிறது. முதல் பாட்டிலைத் திறந்த அன்றே பார்த்துவிட்டேன். ஒவ்வொரு கார்க்கிலும் கம்பெனி முத்திரையும் வருஷமும் இருக்கின்றன. நான்காவது பாட்டிலின் கார்க் இதோ என் எதிரில் மேசையில் கிடக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட சரக்கின் வருஷம்தான் அதில் இருக்கிறது. அந்த வருஷத்துச் சரக்கில் தப்பித்தது இந்த ஒரு பாட்டில்தான்.

நான் அதைச் சொல்லாதது என் குற்றம். சொன்னால் நீங்கள் ஒரே கடிதத்தில் கணக்கை முடித்துவிடுவீர்கள், அப்புறம் எனக்குக் கடிதம் வராது. இந்த வீட்டில் யாரும் வருவதில்லை, தம்பி. அதனால் சொல்லவில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்து ஒரு நாள் ஆனவன்கூட "கார்க்கில் என்ன போட்டிருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பான். நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏன்?

உங்களுக்காக வைத்திருக்க நினைத்த பாட்டிலை நானே திறந்துவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. அதைவிட, செத்துப்போன மனுஷரிடம்கூட உங்களால் தோற்க முடியவில்லையே என்றுதான் ஆறவில்லை. நடுத்தரமான சரக்கா அது? யார் சொன்னது சரி என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

அண்ணி

---

அக்டோபர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை ஏழு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

அண்ணன் சொன்னதுதான் சரி. உங்கள் மூன்றாம் நாள் வரியைப் படித்த உடனே தெரிந்துவிட்டது. இருபது வருஷமாக ருசி பார்க்கிறேன், அப்படி ஒன்றை நான்கைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன். பொய் சொன்னேன். சரி என்று எழுதினால் அடுத்த வரியையும் எழுத வேண்டுமே என்று பயம்.

அந்த வரியை இப்போது எழுதுகிறேன். அன்று எனக்குச் சளி. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. எங்கள் தொழிலில் மூக்கு போனால் எல்லாம் போச்சு. நாக்கில் புளிப்பும் துவர்ப்பும் மட்டும்தான் மிஞ்சும். இன்னொரு நாள் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கம்பெனிக்கு மாறி வந்து மூன்றாவது மாதம், அதுவும் அண்ணன் சிபாரிசில் கிடைத்த இடம். மேலதிகாரிகள் ஐந்து பேர் சுற்றி நின்றார்கள். மூக்கடைப்போடு ருசி பார்க்க வந்தவன் என்று பெயர் எடுக்க வெட்கம். தேறும் என்று எழுதி நாளைக்குக் கெட்டுப்போனால் மாட்டிக்கொள்வேன், தேறாது என்று எழுதினால் யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. எழுதினேன். அண்ணன் ஒரு வாரம் கேட்டார். "ஒரு வாரத்துல இது என்ன மாறிடப் போகுது?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தேன்.

பாட்டில் கழுவும் பகுதி எனக்குத் தெரியும். அதனால்தான் வரவில்லை, நவம்பரிலும். புது ஒயின் வந்து குவிந்தது பொய். அன்று முழுதும் இந்த அறையில்தான் இருந்தேன்.

கார்க்கை ஏன் கேட்கவில்லை என்றால், உங்களுக்கு என்ன காரணமோ அதே காரணம்தான். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று என்னைக் கேட்க உங்களை விட்டால் ஆள் இல்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர் இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

தம்பி

---

அக்டோபர் 12

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான்.

உங்களுக்குச் சளி என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னார். "பாவம், மூக்கடைச்சுப் போய் நிக்கிறான். வாயாலதான் மூச்சு விடறான். அத்தனை பேர் முன்னாடி அதைச் சொன்னா அவன் பொழப்பு போயிடும். அதான் ஒயினுக்கு ஒரு வாரம் வேணும்னு கேட்டுப் பார்த்தேன். புரிஞ்சுக்குவான்னு நெனச்சேன்." அவர் கேட்டது உங்கள் சளி ஆறுவதற்கு, தம்பி. நான் அப்போதே உங்களுக்குப் போன் செய்கிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீ சொன்னா அவன் குன்னிப் போயிடுவான். அவனா வந்து சொல்லட்டும். சொல்லுவான், எனக்குத் தெரியும். நீ வாயைத் திறக்காதே." சத்தியம் வாங்கிக்கொண்டார். ஒன்பது வருஷம் அந்தச் சத்தியத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு இருந்தேன். பல நாள் அவர் மேல் கோபம், எல்லா நாளும் உங்கள் மேல் கோபம்.

யார் சொன்னது சரி என்று பார்ப்பதற்காக அந்தப் பாட்டிலை வைத்திருக்கிறார் என்று ஊருக்குச் சொன்னார். நானும் உங்களுக்கு அப்படித்தான் எழுதினேன். நீங்கள் வருவதற்கு ஒரு சாக்கு வேண்டும், அதற்குத்தான் அந்தப் பாட்டில். ஆஸ்பத்திரியில் கடைசிப் பத்து நாள், மத்தியானம் நான் உள்ளே நுழையும்போதெல்லாம் தபால் வந்ததா என்றுதான் கேட்டார். இன்னும் வரவில்லை, நாளைக்கு வரும் என்று பத்து நாளும் சொன்னேன். நீங்கள் இப்போது எழுதியிருக்கும் இந்த ஒரு பக்கம் போன அக்டோபரில் வந்திருந்தால் நான் படித்துக் காட்டியிருப்பேன். அவர் சிரித்திருப்பார். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றதையெல்லாம் அவர் என்றைக்கோ மன்னித்துவிட்டார், அதில் எனக்கு வேலை இல்லை.

யாரிடம் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இருக்கிறேனே.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் பிரித்துப் படிக்க மாட்டேன். ஆளாக வந்தால் கதவைத் திறப்பேன்.

அண்ணி